சகிப்பு காணிக் கச்சேரியில் தெரியும்

கிளிநொச்சி நகருக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சன நெருக்கத்துக்கும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும் வழி தேடி, 1936இல் ஒரு குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர் அது. இரணைமடுக் குளம் அதற்குச் சற்று முந்தியது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. குளம் தண்ணீரைத் தந்தது, சட்டம் பேமிற் என்ற காணி அனுமதிப் பத்திரத்தைத் தந்தது, காடு வெட்டியவர்கள் கமக்காரர் ஆனார்கள். முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, குமுளமுனை போன்ற பழைய வன்னி ஊர்களில் பல தலைமுறையாக வாழ்ந்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். மன்னன் பண்டாரவன்னியன் ஆண்ட வன்னி நாடு ஒருபோதும் வெறுங்காடாகக் கிடந்ததில்லை. ஆனாலும் 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி நமக்குக் காட்டுவது, உடைந்த குளங்களும் காய்ச்சலும் தூரத்துக்குத் தூரம் சிற்றூர்களுமாக இருந்த ஒரு நிலத்தை. இன்று வன்னியில் வாழ்பவர்களில் பெரும் பகுதியினரின் குடும்பங்கள் கடந்த நூறு ஆண்டுக்குள் வேறெங்கிருந்தோ வந்தவை. யார் இந்த மண்ணுக்குரியவர், யாரோடு எப்படிக் கூடி வாழ்வது என்று வன்னியில் பேச வேண்டுமானால் இந்த உண்மையிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை.

சகிப்புத்தன்மையை ஒரு மனப்பக்குவமாகப் பேசியே பழகிவிட்டோம். கணியன் பூங்குன்றனாரின் பெயர் சொல்லாமல் நம் விழா மேடைகள் நிறைவு பெறுவதில்லை. அந்தப் பேச்சில் பொய் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் ஓர் ஊரைச் சேர்ந்ததா இல்லையா என்பதை அயலவரின் நல்ல மனம் மட்டும் தீர்மானித்து விடுவதில்லை. அரச காணியைப் பகிர்ந்தளிக்கும் காணிக் கச்சேரியில் அந்தக் குடும்பத்தின் பெயர் கூப்பிடப்படுகிறதா, கமக்கார அமைப்பின் கூட்டத்தில் அதற்குக் கதைக்க இடமிருக்கிறதா, கோயில் பரிபாலன சபையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் அதன் ஆள் ஒருவர் பொறுப்பில் இருக்கிறாரா என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், 2009இல் போர் முடிந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வன்னித் தமிழ்ச் சமூகம் தனக்குள் தீர்க்காமல் வைத்திருக்கும் இரண்டு கணக்குகள் தெரியவரும். ஒன்று மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களுடையது. மற்றது 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுடையது.

முதற் கணக்கு 1948இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது. பிரிக்கப்பட்ட மனிதர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1970களின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில் பஞ்சம் வந்தது, பட்டினிச் சாவுகள் வந்தன. 1977 ஓகஸ்டில் வன்செயல் வந்தது. உயிர் தப்பியவர்கள் வடக்கே பார்த்து நடந்தார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காட்டோரங்களில் கொட்டில் போட்டார்கள். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், தொண்டமான்நகர் போன்ற இடங்களில் இன்றும் வாழும் பல குடும்பங்களின் வரலாறு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அவர்களை வரவேற்றவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வவுனியா வைத்தியர் சோ. இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம், அகதிகளாக வந்த மலையகக் குடும்பங்களுக்கு நிலமும் கிணறும் பாலர் பாடசாலையும் தேடிக் கொடுத்தது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். அந்த ஆண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். உயிர் பிழைத்த டேவிட் நீண்ட காலம் தமிழ்நாட்டில் வாழ்ந்து, முதுமையில் திரும்பி வந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். காந்தியம் குடியேற்றிய கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்த குடும்பங்களை 1984இல் அரச படைகள் வெளியேற்றின. அவர்கள் வெட்டித் திருத்திய நிலத்தில் சிங்களக் கைதிகளைக் கொண்டு திறந்தவெளிச் சிறை அமைக்கப்பட்டது. நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அங்கு நடத்திய தாக்குதலில் கைதிகளோடு அவர்களுடைய மனைவி மக்களும் இறந்தார்கள். அதற்கடுத்த நாட்களில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கத்துத் தமிழ் ஊர்கள் காலியாக்கப்பட்டன. இந்த வரிசையில் முதலில் தூக்கியெறியப்பட்டவர்கள் மலையகத்தார். அதன் பின்னரான போரிலும் அவர்களுடைய பிள்ளைகள் மற்றவர்களுடைய பிள்ளைகளோடு சேர்ந்தே மடிந்தார்கள்.

இனி 1936ஐயும் 1977ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்போம். அந்த இரண்டு காலங்களிலும் வந்த இரண்டு பேரும் காடு வெட்டினார்கள். இரண்டு பேரும் பாம்புக்கும் யானைக்கும் காய்ச்சலுக்கும் ஈடு கொடுத்தார்கள். முதலில் வந்தவர் பின்னால் அரசு நின்றது. அவருக்கு வயற்காணி, மேட்டுக்காணி, வாய்க்கால், பேமிற் எல்லாம் கிடைத்தன. இரண்டாவதாக வந்தவரை அரசு துரத்திக்கொண்டு வந்தது. அவருக்குக் கிடைத்தது வாய்க்கால் எட்டாத மேட்டு நிலமும், முன்னால் வந்தவரின் வயலில் கூலி வேலையும். பேமிற் இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்காது. உர மானியம் வயலுக்குரியவரின் பெயரில்தான் வரும். போருக்குப் பின் இந்திய அரசின் ஐம்பதாயிரம் வீட்டுத் திட்டம் வந்தபோதும் காணிக்கு ஆதாரம் காட்டியவருக்கே வீடு என்பதால், மிக வறியவர்களே பட்டியலுக்கு வெளியில் நிற்க நேர்ந்தது. வறுமையை ஒரு சமூகத்தின் குணமாகப் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வறுமையில் பெரும் பங்கு ஒரு கடதாசி இல்லாததால் வந்தது.

குடிசன மதிப்பீட்டு எண்கள் இதை இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கின்றன. 1981இல் வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒருவரும், முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏழு பேருக்கு ஒருவரும் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டிருந்தனர். 2012இல் அந்த விகிதம் வவுனியாவில் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. முல்லைத்தீவில் இரண்டரை வீதத்தை எட்டவில்லை. சிலர் இந்தியாவுக்குப் போனார்கள், சிலர் போரில் இறந்தார்கள். பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார்கள். அப்படிப் பதிவது அவர்களுடைய உரிமை. அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் ஒரு சமூகம் புள்ளிவிவரத்தில் கரைந்துபோவதற்கும் ஊர் வாழ்க்கையில் கலந்துபோவதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. கலியாணப் பேச்சில், கோயில் உபயத்தில், தேர்தல் வேட்பாளர் பட்டியலில் அந்தப் பழைய அடையாளம் உயிரோடுதான் இருக்கிறது. காணி கேட்டுப் போகும்போது மட்டும் அவர்களை எண்ணிக் காட்ட ஒரு தலைப்பு இல்லாமற் போய்விட்டது.

கனடாவுக்கு 1980களில் அகதியாகப் போன ஒரு வடபகுதிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் அதற்கு நிரந்தர வதிவிடமும் பிறகு குடியுரிமையும் கிடைத்தன. 2011இல் ராதிகா சிற்சபைஈசன் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அது நியாயமான மகிழ்ச்சி. அந்நிய மொழி பேசும் ஒரு நாடு முப்பது ஆண்டுக்குள் செய்ததை, ஒரே மொழி பேசி ஒரே தெய்வத்தைக் கும்பிடும் ஊர்கள் அரை நூற்றாண்டாகியும் ஏன் செய்து முடிக்கவில்லை? நூற்றைம்பது மைல் தொலைவிலிருந்து வந்தவரை அவருடைய பேரப்பிள்ளையின் காலத்திலும் தோட்டக்காட்டார் என்று சொல்ல எப்படி நாக்கு வருகிறது? இந்தக் கேள்விக்குக் கொழும்பைக் கைகாட்டிப் பதில் சொல்ல முடியாது.

பேமிற் விடயத்தில் கொழும்புக்கும் பங்கு உண்டுதான். அரச காணி அரசின் கையில் இருக்கிறது. மாகாண காணி அதிகாரம் கடதாசியில் கிடக்கிறது. வனவளத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் மக்கள் முன்பு பயிர் செய்த நிலத்துக்குள்ளும் எல்லைக்கல் நட்டிருக்கின்றன. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இதே கொழும்போடு 2025இல் நாம் நடத்திய ஒரு வாதத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். மார்ச் 28ஆம் திகதியிட்ட 2430ஆம் இலக்க வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைக் குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அது அரச காணியாகலாம் என்றது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதற்குள் இருந்தன. தமிழ்த் தரப்பு ஒரே குரலில் எழுந்தது. இடப்பெயர்வில் உறுதிகள் தொலைந்தன, கச்சேரிகள் எரிந்தன, உரிமையாளர் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், கடதாசி இல்லை என்பதற்காக ஆண்டு அனுபவித்த நிலத்தைப் பறிக்க முடியாது என்று வாதிட்டோம். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு வர்த்தமானியை மீளப் பெற்றது. அந்த வாதம் முழுக்க நியாயமானது. நீண்ட கால உழைப்பும் குடியிருப்பும் கடதாசிக்கு மேலான சாட்சி என்ற அந்த நியாயம், 1977இல் காடு வெட்டிய குடும்பத்துக்கும் 1990இல் இரவோடிரவாக உறுதியைக் கைவிட்டுப் போன குடும்பத்துக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாது என்றால், அதைக் கொழும்பின் முன் நாம் நியாயமாக வைக்க முடியாது. வெறும் தற்காப்பாகவே அது எடுத்துக்கொள்ளப்படும்.

தொலைவில் நடக்கும் அநீதி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதும் வாசலில் நடப்பது தெரியாமற் போவதும் வன்னிக்குப் புதிதல்ல. 1947 முதல் வவுனியாவின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த செல்லப்பா சுந்தரலிங்கம் டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் இருந்தார். இந்திய வம்சாவளியினரின் பிரசாவுரிமை விவகாரத்தில் 1948இல் அந்தப் பதவியைத் தூக்கியெறிந்தார். பதவிக்காக வாயை மூடிக்கொண்டவர்கள் நிறைந்த காலத்தில் அது பெரிய செயல். இருபது ஆண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய முயன்றபோது வாசலில் நின்று தடுத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கோயில்களிலும் பொது இடங்களிலும் சாதி காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்திருந்தது. அவரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதருக்குள் இவ்விரண்டும் பிரச்சினையின்றிக் கூடி இருக்க முடிந்தது என்பது நம் அரசியல் பண்பாட்டைப் பற்றி மிக முக்கியமான செய்தி. உரிமைக் குரல் எழுப்பும் பழக்கம் பிறரை அருகில் அமர்த்தும் பழக்கமாகத் தானே மாறிவிடாது. அதற்கென்று தனியாக உழைக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு இன்னும் கடினமானது, ஏனெனில் அங்கு தவறு செய்தது அரசல்ல. 1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேரம்தான் கொடுக்கப்பட்டது. வன்னியில், மன்னாரில் சில நாட்கள். ஐந்து மாவட்டங்களிலுமாக 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புத்தளத்தை நோக்கிப் போனார்கள். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் தமிழரோடு ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஒரே குளத்தில் குளித்து வாழ்ந்தவர்கள் அவர்களில் அடங்குவர். 2002 ஏப்ரல் 13ஆம் திகதி கிளிநொச்சியில் புலிகளின் தலைவர் வே. பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் சந்தித்தபோது, முஸ்லிம்கள் தங்கள் இடங்களுக்குத் திரும்பலாம் என்று உடன்பட்டார்கள். வெளியேற்றத்தைச் செய்த இயக்கமே அது தொடரக் கூடாது என்று ஒப்புக்கொண்டதற்கு அதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் போர் முடிந்த பிறகு அவர்கள் உண்மையில் திரும்பி வந்தபோது முல்லைத்தீவில் கேட்ட குரல் வேறாக இருந்தது. 1990இல் ஒரு குடும்பமாகப் போனது இருபது ஆண்டில் மூன்று, நான்கு குடும்பமாகப் பெருகியிருந்தது. கூடுதல் காணி வேண்டும் என்று அவர்கள் கேட்டு, கூழாமுறிப்புப் பக்கம் காடு வெட்டிக் கொடுக்கும் பேச்சு எழுந்ததும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன.

அந்த எதிர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. காடு அழிகிறது என்றார்கள். ஓர் அமைச்சரின் செல்வாக்கால் ஒரு தரப்புக்கு மட்டும் காணி போகிறது, போரில் எல்லாம் இழந்த தமிழ்க் குடும்பங்கள் காணியில்லாமல் நிற்கின்றன என்றார்கள். இவற்றில் இரண்டாவது முறைப்பாடு நியாயமானது. அமைச்சர் வழியாக வரும் காணி உரிமையாகத் தெரியாது, சலுகையாகத்தான் தெரியும். பெறுபவரையும் பெறாதவரையும் அது பகையாக்கும். ஆனால் அதற்கு மருந்து, காணியற்ற எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஒரே காணிக் கச்சேரி என்று கேட்பது. முஸ்லிம்களுக்கு வேண்டாம் என்பது மருந்தாகாது. சனத்தொகை விகிதம் மாறிவிடும் என்ற பயத்துக்கு எண்களே பதில் சொல்கின்றன. 1981இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்து வீதம். 2012இல் இரண்டு வீதமும் இல்லை. விகிதம் மாறியது உண்மை, குறைந்த பக்கமாக மாறியது. காட்டைப் பற்றிய கவலை மெய்யானது என்றால் வெளியேற்றப்பட்டவர்களின் பழைய காணிகளில் யார் இருக்கிறார்கள், எந்த நிபந்தனையில் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் கூடவே எடுக்க வேண்டும். 1990க்குப் பின் அந்த வீடுகளில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களும் இடம்பெயர்ந்து வந்தவையே. அவர்களைத் தெருவில் விடாமல் இதைத் தீர்க்க வழி தேட வேண்டும். மாற்றுக் காணியோ இழப்பீடோ அதற்கு வேண்டியிருக்கும். கையில் எல்லைக்கல்லும் நாடாவும் இல்லாமல் நல்லிணக்கம் பேசிப் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் பலமான ஆட்சேபம் ஒன்று வரும், வர வேண்டும். நாங்களே பாதிக்கப்பட்டவர்கள், எங்களிடம் ஏன் சகிப்பைக் கேட்கிறீர்கள்? மணலாற்றை வெலிஓயா என்ற சிங்களக் குடியேற்றமாக ஆக்கியவர்கள் நாங்களா? குருந்தூர்மலையில் நீதிமன்றக் கட்டளையை மீறி விகாரை கட்டியவர்கள் யார்? அந்த வழக்கை விசாரித்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி 2023 செப்டெம்பரில் உயிர் அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியை விட்டு நாட்டை விட்டே போனது யாரால்? கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் வீட்டு வளவுக்காக இராணுவ முகாம் வாசலில் நாட்கணக்கில் அமர்ந்தது எதற்காக? இவற்றில் ஒரு கேள்வியும் மிகையானதல்ல. இவை தீராதவரை வன்னித் தமிழருக்கு நிம்மதி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசின் குடியேற்றத்தையும் மனிதரின் புகலிடத்தையும் ஒரே தட்டில் வைப்பதில்தான் நாம் வழுக்குகிறோம். ஒரு குடியேற்றத்தைப் பார்க்கும்போது மூன்று விடயங்களைக் கேட்டால் போதும். அங்கு ஏற்கெனவே இருந்தவர் துரத்தப்பட்டாரா? வருபவருக்குப் பின்னால் துப்பாக்கி நிற்கிறதா? வருபவருக்கு மட்டும் தனிச் சட்டமும் தனி நிருவாகமும் கொடுக்கப்படுகின்றனவா? மணலாற்றில் மூன்றுக்கும் பதில் ‘ஆம்’ என்பது. மலையாளபுரத்திலும் நீராவிப்பிட்டியிலும் மூன்றுக்கும் பதில் ‘இல்லை’ என்பது. அரசின் திட்டத்தை எதிர்ப்பதற்கு இந்த வேறுபாடு நமக்குப் பலம் சேர்க்கும், ஏனெனில் நம் எதிர்ப்பு இனத்தின் மீதான வெறுப்பல்ல, முறையின் மீதான வழக்கு என்று அப்போது உலகுக்குக் காட்ட முடியும். அதே அளவுகோல், வவுனியா தெற்கில் மடுக்கந்தைப் பக்கம் பல தலைமுறையாக வாழும் சிங்களக் கிராமத்தவரையும் இந்த மண்ணுக்குரியவராகவே காட்டும். அதை ஏற்பதில் தமிழருக்கு எந்த இழப்பும் இல்லை.

உள்வீட்டு விடயங்களை இப்போது கிளறினால் ஒற்றுமை சிதறும், எதிரிக்கு அது தீனியாகும் என்பது இன்னொரு ஆட்சேபம். எழுபது ஆண்டுகளாகக் கேட்கும் வாதம் இது. ஒற்றுமையின் பெயரால் சாதி பற்றிப் பேச வேண்டாம் என்றார்கள், மலையகத்தார் பற்றிப் பேச வேண்டாம் என்றார்கள், முஸ்லிம்கள் பற்றிப் பேச வேண்டாம் என்றார்கள். பேசாததால் ஒற்றுமை வளர்ந்ததா? மலையக வம்சாவளி வாக்குகள் இன்று வன்னியில் தேசியக் கட்சிகளுக்குப் போகின்றன என்று குறைப்படுபவர்கள், அந்தக் கிராமங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை மட்டும் போனவர்களாகவே இருக்கிறார்கள். காணியும் ரோட்டும் தருவதாகச் சொல்பவர் பக்கம் ஒருவர் சாய்வதைத் துரோகம் என்று சொல்ல, அவருக்கு அவற்றைத் தராதவருக்கு உரிமையில்லை.

மூன்றாவதாக வருவது வளம் பற்றிய வாதம்: காணி குறைவு, தண்ணீர் அதைவிடக் குறைவு, எல்லோரையும் சேர்த்தால் யாருக்கும் போதாது. மூன்றிலும் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் இது வெறுப்பிலிருந்து பிறக்கவில்லை, கணக்கிலிருந்து பிறக்கிறது. கணக்குக்குக் கணக்கால்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் முறை வன்னிக் கமக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிறது. காலபோகம் மழையோடு போய்விடும். சிறுபோகம் குளத்து நீரை நம்பியது. குளத்தில் நீர் குறைந்த ஆண்டில், வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவர் முழுவதும் விதைத்து, கடைசியில் உள்ளவர் கைகட்டி நிற்பதில்லை. எத்தனை ஏக்கருக்கு நீர் காணும் என்று கூட்டத்தில் முடிவெடுத்து, அந்த ஏக்கரை எல்லோருக்குமாகப் பங்கு பிரித்து, தன் காணி இல்லாத இடத்திலும் ஒருவர் தன் பங்கை விதைக்கிறார். சண்டை இல்லாமல் இது நடப்பதாகச் சொல்லமாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் குரல் உயரும், குற்றச்சாட்டு வரும், பங்கை விற்பவரும் வாங்குபவரும் இருப்பார்கள். ஆனாலும் குறைவைப் பகிர்வது என்பது இங்கு அறவுரையாக இல்லாமல் ஆண்டுதோறும் நடக்கும் வேலையாக இருக்கிறது. அதன் குறை ஒன்றுதான்: திட்டத்துக்குள் காணி உள்ளவருக்கே அங்கு பங்கும் குரலும் உண்டு. அந்த வயலில் நாற்பது ஆண்டு களை பிடுங்கியவருக்கு இல்லை.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் 2010க்குப் பின் வந்தபோது நடந்ததையும் பார்க்கலாம். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் சிலர் அதைக் குறுகிய மனம் என்றார்கள். இரு பக்கமும் தமிழர்தான். தாகமும் மெய், வயலும் மெய். உணர்ச்சியில் கரைந்து யாரும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. ஆண்டுகள் பல இழுபட்ட பிறகு, கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. தாமதமும் செலவும் வேதனைக்குரியவை. ஆனால் இரு தரப்பின் தேவையையும் உண்மை என்று ஒப்புக்கொண்ட பின்தான் மூன்றாவது வழி தேடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். காணி விடயத்திலும் அப்படித் தேட இடமிருக்கிறது. முப்படைகளின் கையில் இருக்கும் நிலம், வனவளத் திணைக்களம் பின்னாளில் சேர்த்துக்கொண்ட பழைய பயிர்நிலம், பேமிற் பெற்றவர் வெளிநாட்டில் இருக்கக் காடு பற்றிக் கிடக்கும் வளவுகள் என்று வன்னியில் நிலம் இல்லாமல் இல்லை. காணியற்ற தமிழரும் முஸ்லிமும் ஒரே மனுவில் கையெழுத்து வைத்து அந்த நிலங்களைக் கேட்டால், பிரதேச செயலாளருக்கு அந்த மனுவைப் புறக்கணிப்பது இன்றைவிடக் கடினமாகும்.

இடம் கொடுப்பது வன்னிக்குத் தெரியாத ஒன்றல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு வந்தது. அதில் ஒரு பகுதி கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தது. அடுத்த ஆண்டு கிளிநொச்சி விழ, அக்கராயனும் ஸ்கந்தபுரமும் மல்லாவியும் புதுக்குடியிருப்பும் கொள்ள முடியாத சனத்தைக் கொண்டன. அப்போது வளவைத் திறந்துவிட்டவர்களில் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களும் இருந்தார்கள். 2009இல் வவுனியா மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலுமாக மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மனிதர் முட்கம்பிக்குள் இருந்தபோது எவரும் எவருடைய பூர்வீகத்தையும் கேட்கவில்லை. துன்பத்தில் இந்தச் சமூகம் பிறருக்கு இடம் கொடுக்கத் தெரிந்தது. மீள்குடியேற்றத்தில், படிவமும் பட்டியலும் வந்த பிறகுதான் யார் எவ்விடம் என்ற கேள்வி மறுபடி எழுந்தது. ஆகவே நமக்கு இரக்கம் போதாது என்று நான் நினைக்கவில்லை. இரக்கத்துக்குப் பிறகு வரவேண்டிய நிருவாகத்தைத்தான் செய்யாமல் விட்டோம்.

2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் வந்த பிரதேச சபைகளுக்குக் காணி வழங்கும் அதிகாரம் இல்லை. ஆனால் தங்கள் எல்லைக்குள் எத்தனை குடும்பம் எத்தனை ஆண்டாகப் பேமிற் இல்லாமல் இருக்கிறது, 1990இல் போன எத்தனை குடும்பம் திரும்பியிருக்கிறது, எத்தனை குடும்பத்துக்கு இடமில்லை என்று கணக்கெடுத்துத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்டச் செயலகத்துக்கு அனுப்புவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. கமக்கார அமைப்புகள், வயலில் கூலிக்கு நிற்பவர்களின் பிரதிநிதி ஒருவரைச் சிறுபோகக் கூட்டத்துக்கு அழைக்கலாம். வாக்கு இல்லாவிட்டாலும் வாய் இருக்கும். கோயில் பரிபாலன சபைகள் உபயகாரர் பட்டியலைத் திறக்கலாம். இவை எல்லாவற்றிலும் அவசரமானது சாட்சியம். 1977இல் இருபத்தைந்து வயதில் வந்து காடு வெட்டியவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். எந்த மரத்திலிருந்து எந்தப் புற்றுவரை தன் துண்டு என்பதைத் தெரிந்தவர் அவர்தான். நீராவிப்பிட்டியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வேலி 1990இல் எங்கே ஓடியது என்று சொல்லக்கூடிய தமிழ் அயலவருக்கும் அதே வயது. கிராம சேவையாளர் முன்னிலையில் அந்த வாக்குமூலங்களை எழுதிக் கையெழுத்து வாங்கிவைக்க ஒரு கொப்பியும் சில மாதங்களும் போதும். இன்னும் பத்தாண்டு கழித்து அதை எழுதச் சொன்னால் சொல்வதற்கு ஆள் இருக்காது.